ஒரு வகைப் புல்

அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பழைய தமிழ்ச் சொல் ஒன்றுக்குப் பொருள் தேடிப் போனால் அடிக்கடி கிடைக்கிற விடை ‘ஒரு வகைப் புல்’ என்பதுதான். நிகண்டுக்காரர்கள் அப்படி எழுதினார்கள். உரையாசிரியர்கள் அப்படியே எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், பல செடிகொடிகளுக்கு லத்தீன் பெயரையும் தேடிப் பிடித்துக் கொடுத்தது. அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பெயரைப் படித்துவிட்டு வயல் வரப்பில் போய் நின்றால் எந்தப் புல் எது என்று சொல்லத் தெரியாது. பெயர் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை.

அகராதிக்காரரை நான் அதிகம் குறை சொல்லமாட்டேன். அவருக்கு ஆயிரக்கணக்கான சொற்களைக் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது. நாவலாசிரியருக்கு அந்தச் சாக்குக் கிடையாது. ஆனாலும் தமிழ் நாவல்களில் வரும் புல்லைப் பாருங்கள். அநேகமாக அது ‘பசும்புல்’. காதலர்கள் அதன் மேல் உட்காருகிறார்கள். கதாநாயகன் பேசத் தெரியாமல் திண்டாடும்போது அதில் ஒன்றைக் கிள்ளிப் பல்லில் வைத்துக் கடிக்கிறான். ஆசிரியருக்கு உற்சாகம் வந்துவிட்டால் அது ‘பச்சைக் கம்பளம் விரித்தாற்போல’ ஆகிவிடும். கம்பளம் எந்த ஊரில் நெய்தது, எந்த மாதத்தில் விரித்தது என்று நாம் கேட்பதில்லை. வட்டார நாவல்கள் என்று நாம் கொண்டாடுகிறவை மனிதர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பேர் சொல்லின. அவற்றில்கூட அந்த ஆடுமாடுகள் எதைத் தின்றன என்ற இடத்துக்கு வரும்போது, பெரும்பாலும் பேனா கொஞ்சம் தயங்கி, ‘புல்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இதற்குப் பாஷையே ஒரு காரணம் என்று தோன்றுகிறது. புல் என்ற சொல்லோடு அற்பம் என்ற பொருளும் தமிழில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. புன்மை, புல்லியர், புல்லறிவு என்று எல்லாம் கீழ்நோக்கி இறங்குகிற சொற்கள். கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்பதில் புல், இருப்பதிலேயே கடைசி. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதிலும் ஏற்றம் வல்லவனுக்குத்தான். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்கிறபோது புல்லைத் தின்பதே ஒரு மானக்கேடு. இத்தனைக்கும் இந்தப் பழமொழிகளைச் சொன்னவர்கள் மூன்று வேளையும் புல்லைத்தான் தின்றார்கள். நெல் புல்தான். கம்பு, சோளம், வரகு, கேழ்வரகு எல்லாம் புல்தான். கரும்பும் மூங்கிலும் புல்தான். தின்றதைத் தானியம் என்றும், தின்னாததைப் புல் என்றும் பிரித்து, பிரித்ததில் ஒன்றைக் கும்பிட்டு, இன்னொன்றை மறந்துவிட்டோம்.

மறதி ஆதியிலிருந்தே இருந்ததல்ல. தொல்காப்பியத்தின் மரபியலில் தாவரங்களை இரண்டாகப் பிரித்து, வயிரம் வெளிப்புறத்தில் உள்ளதைப் புல் என்றும், உட்புறத்தில் உள்ளதை மரம் என்றும் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி தென்னையும் பனையும்கூடப் புல்தான். இன்றைய தாவர சாஸ்திரி பனையைப் புல் குடும்பத்தில் சேர்க்கமாட்டார். ஆனால் இரண்டும் ஒரு விதையிலைத் தாவரங்கள், வைரம் பாய்ந்து உள்ளிருந்து பருக்கிற மரங்கள் அல்ல என்று ஒப்புக்கொள்வார். செடியை வெட்டிப் பார்த்து, கத்தி எங்கே முதலில் தடைப்படுகிறது என்று கவனித்தவர்கள் செய்த பாகுபாடு இது. பிறகு கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. அதில் வரும் 99 பூக்களின் பட்டியல் பிரசித்தம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லி அதன் சுவையைக் கெடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் எருவையும் உண்டு. எருவை என்பது கோரை என்றும், நாணல் என்றும், கொறுக்கச்சி என்றும் பல விதமாகப் பொருள் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் புல்லின் சாயலுள்ள ஒரு நீர்க்கரைச் செடி. அதன் கதிரைப் பூ என்று ஒரு கவி கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறான். காந்தளுக்கும் ஆம்பலுக்கும் கொடுத்த அதே ஆசனத்தை அதற்கும் கொடுத்திருக்கிறான். ரசனை என்று நான் சொல்வது இதைத்தான்.

நம் காலத்துக்குக் கிட்டத்தில் புல்லுக்கு அந்த மரியாதையைக் கொடுத்த புத்தகம் என்று நான் ஒன்றைச் சொல்வேன். அது நாவலுமல்ல, கவிதையுமல்ல, தமிழிலும் இல்லை. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் கற்பித்த ராவ் பகதூர் பட்டக்காரர்களின் காலத்து மனிதர் கே. ரங்காச்சாரியார், தாதுலிங்க முதலியாரின் உதவியோடு ஆங்கிலத்தில் எழுதிய தென்னிந்தியப் புற்கள் பற்றிய கைநூல். 1921-ல் சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்டது. சமவெளியில் பரவலாகக் காணும் ஏறக்குறைய 100 புற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தண்டு, கணு, இலையுறை, இலை, கதிர், உமி என்று வரிசையாக விவரித்துப் படமும் போட்டிருக்கிறார்கள். இலையைக் குறுக்கே அரிந்து பூதக்கண்ணாடியில் பார்த்த படங்களும் உண்டு.

இதை ஏன் விமர்சனக் கட்டுரையில் கொண்டுவருகிறேன் என்றால், வர்ணனை என்ற கலையைப் பற்றி நம் வசனகர்த்தர்கள் இந்தப் புத்தகத்திடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ரங்காச்சாரியார் எந்தப் புல்லையும் உவமையால் மூடுவதில்லை. இலையின் ஓரத்தில் மயிர் இருக்கிறதா, அடியில் மட்டும் இருக்கிறதா, இருந்தால் நீளமா குட்டையா, இவைதான் அவருக்கு வேண்டியவை. ஒரு புல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் குணம் எதுவோ அதைச் சொல்கிறார். அலங்காரம் ஒன்றும் இல்லாமலே, படித்து முடித்ததும் அந்தப் புல் எதிரே நிற்கிறது. ஒரு கதாபாத்திரத்தை அறிமுகம் செய்வதும் இதே காரியம்தான். ‘அழகான பெண்’ என்று எழுதுவதற்கும் ‘பசும்புல்’ என்று எழுதுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. கைநூலின் முறையே செடியை ஒரு நிலையில் நிறுத்தி வைத்துப் பார்ப்பது. கதிர் விட்ட நிலையில் உள்ள செடிதான் அடையாளம் காண உகந்தது; ஆகையால் புத்தகத்தில் எல்லாப் புல்லும் எப்போதும் கதிரோடு நிற்கின்றன. நிலத்தில் அப்படி நிற்பதில்லை. ஒரு புல் ஒரு வருஷத்தில் நாலைந்து வேஷம் போடும். அந்த வேஷங்களைக் கோவையாகப் பார்ப்பது நாவலாசிரியன் வேலை. காலத்தில் ஒன்று மாறிவருவதைச் சொல்லத்தானே நாவல் என்று ஒரு உருவத்தை வைத்திருக்கிறோம்?

உதாரணத்துக்குப் பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொள்கிறேன். 1995 வரையில் இவை இரண்டும் பழைய திருச்சி ஜில்லாவின் வடகிழக்குத் துண்டு. பிறகு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் அதிலிருந்து பிரிந்து, சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே பச்சமலை. நடுவில் கொஞ்சம் கரிசல், கொஞ்சம் செம்மண், அடியில் சுண்ணாம்புக்கல். டெல்டாவின் பச்சையும் இல்லை, மலைவாசஸ்தலத்தின் பச்சையும் இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குகிற பூமி. ஆகையால்தான் இது நல்ல உதாரணம். பசும்புல் என்ற சொல்லை இங்கே கொண்டுவந்து வைத்தால் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் பொருந்தும். மிச்ச நாளெல்லாம் பொய்.

அடையாளம் காண நுண்கருவி எதுவும் வேண்டாம். முதலில் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருண்டையாக ஓடி, கணுக்கணுவாகத் தட்டுப்பட்டால் புல். மூன்று பட்டையாகத் தட்டி, கணு இல்லாமல் இருந்தால் அநேகமாகக் கோரை. இரண்டாவது, அது தூர் கட்டி ஒரே இடத்தில் நிற்கிறதா, அருகு மாதிரி தரையோடு ஓடி வேர் விடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, கதிர் விரல் விரலாகப் பிரிந்திருக்கிறதா, ஒற்றை வால் மாதிரி இருக்கிறதா, கிளைத்துப் புகை மாதிரி நிற்கிறதா? நான்காவது, மணிகளுக்கு மீசை உண்டா? இந்த நாலு கேள்விகளைக் கேட்கிற ஆள், ஒரு மழைக்காலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு புல்லையாவது தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டுவிடுவான்.

பருவங்களைத் தொல்காப்பியர் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆவணி, புரட்டாசி கார்காலம். கோடையில் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது போலத் தெரிந்த தூர்கள் முதல் இரண்டு மழைக்குள் பச்சை விடுகின்றன. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. புல் நுனியில் வளர்வதல்ல, அடியிலும் கணுக்களிலும் வளர்வது. மாடு மேலே கடித்துக்கொண்டு போனாலும், வெயில் மேலே கருக்கிவிட்டாலும், வளர்கிற இடம் மண்ணோடு மண்ணாகப் பத்திரமாக இருக்கிறது. சாலையோரத்தில் முதலில் கதிர் விடுவது காக்காய்க்கால் புல். பேரிலேயே உருவம் இருக்கிறது. காம்பின் உச்சியில் கட்டைக் கட்டையாக விரல்கள் விரிந்து நிற்கும். பின்னாலேயே கொண்டைப்புல் வரும். சில ஊர்களில் மயில்கொண்டைப் புல் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு மெல்லிய விரல்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, ஊதா நிறத்தில், மேல்நோக்கிக் குவிந்து நிற்கும். காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒரு மேடு முழுவதும் கத்தரிப்பூ நிறமாகத் தெரியும். எந்த நர்சரியிலும் இதை யாரும் விற்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழையின் காலம். பச்சை என்ற சொல்லுக்கு இந்தப் பூமியில் உண்மையான உரிமை உள்ள மாதங்கள் இவைதான். செம்மண்ணில் கொழுக்கட்டைப்புல் பூனைவால் மாதிரி கதிர் விடுகிறது. இளங்கதிரில் ஒரு செம்மை ஓடும், முற்றினால் வைக்கோல் நிறம். கரிசல் வரப்புகளில் ஒரு புல்லைப் பார்க்கலாம்: ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை மயிர் வளையம் கட்டியிருக்கும், காலில் தண்டை போட்ட மாதிரி. இதை ஒருமுறை பார்த்தவன் பிறகு மறக்கமாட்டான். இந்தப் புல்லும் இதன் உறவினங்களும் சேர்ந்துதான் தக்காணத்திலும் தமிழ்நாட்டுச் சமவெளியிலும் பரவியிருக்கும் புல்லினக் கூட்டத்துக்கே பெயர் கொடுத்திருக்கின்றன. 1973-ல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஒரு நூல் இந்தியாவின் புல்வெளிகளை 5 பெருவகைகளாகப் பிரித்தபோது, அவற்றில் ஒன்று இதுதான். வரப்பில் மிதித்துப் போகிற புல், தேசப்படத்தில் பாதித் தீபகற்பத்துக்குப் பெயராக நிற்கிறது.

இதே பருவத்தில்தான் கொள்ளிடக் கரையில் நாணல் பூக்கிறது. ஆளுயரத்துக்கு மேல், வெள்ளைப் பட்டு மாதிரி, ஆற்று மணலை ஒட்டி நீளத்துக்கு. இந்த நாணலைத்தான் வங்காளிகள் காஷ் என்கிறார்கள். அது பூத்தால் துர்க்கா பூஜை வந்துவிட்டது என்று அவர்களுக்கு அர்த்தம். 1955-ல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யில் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்க ஓடுகிற காட்சி இந்தப் புல்லுக்குள்தான் நடக்கிறது. சத்யஜித் ராய் பாதிக் காட்சியை எடுத்துவிட்டுச் சில நாட்களில் திரும்பிப் போனபோது, மாடுகள் பூவை எல்லாம் மேய்ந்து தீர்த்திருந்தன. அவர் அடுத்த பருவம் வரும் வரையில் காத்திருந்து மிச்சத்தை எடுத்தார். வேறு ஏதாவது செடிக்கு நடுவே ஓட விட்டிருக்கலாம். எத்தனை பேர் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் குழந்தைகளின் உலகம் ஒரு பருவத்தில் மட்டுமே திறக்கிற உலகம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் கொள்ளிடம் இருக்கிறது, அதே புல் இருக்கிறது. காத்திருக்கிற கலைஞன்தான் வேண்டும்.

நாணலின் பெருமை பூவோடு முடியவில்லை. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்போடு நாணலைக் கலந்து உண்டாக்கிய ‘கோ 205’ 1918-ல் வட இந்திய விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. அதன் சந்ததிதான் உலகம் முழுவதும் பரவிய கலப்பினக் கரும்புகளில் பலவற்றுக்கும் மூலம். தித்திப்பு கரும்பு கொடுத்தது. வறட்சியையும் நோயையும் தாங்கும் திடம் இந்த ஆற்றங்கரைப் புல் கொடுத்தது.

மார்கழி, தை முன்பனி. கதிர்கள் முற்றி நிறம் மாறுகின்றன. புகை மாதிரிக் கிளைத்த மெல்லிய கதிர்களில் விடியற்காலைப் பனி மணி மணியாகக் கோத்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் சூரியன் ஏறுவதற்கு முன்னால் வரப்புக்குப் போக வேண்டும். கரடுகளில் ஊசிப்புல் செம்பு நிறத்துக்கு வருகிறது. அதன் மீசைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சடை மாதிரி ஆகிவிடும். ஒரு விதையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முறுக்கு அவிழ்ந்து விதை தானே சுழலும். ஈரத்தில் அவிழ்ந்து, காய்ந்தால் முறுக்கி, திருகாணி மாதிரி மண்ணுக்குள் தன்னைத் தானே செலுத்திக்கொள்கிற யந்திரம் அது. ஆட்டு உரோமத்திலும் நம் வேட்டியிலும் புகுவதும் அதே வித்தையால்தான். துடைப்பப் புல்லும் இந்தப் பருவத்தில் காய்ந்து கட்டுக்கு வரும். கதிரை உதறிவிட்டு, தாளைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். வீட்டைக் கூட்டுகிற அந்தத் துடைப்பம் தை மாதத்து மாலை வெயிலில் ஒரு மேட்டின் மேல் என்ன அழகாக நின்றது என்பது அதைக் கையில் பிடிக்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இந்தப் பனிக் காலத்தில்தான் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வருகின்றன. 1999-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் நிலமாகவும் அறிவிக்கப்பட்ட ஏரி அது. வருகிறவர்கள் தொலைநோக்கியால் வாத்தைப் பார்க்கிறார்கள். வாத்து எதைத் தேடி இறங்குகிறது? அது மீன் தின்னும் பறவையல்ல. புல் மேய்கிற பறவை. மத்திய ஆசியாவிலிருந்து வந்த விருந்தாளிக்கு நம் ஊர்ப் புல்லின் ருசி தெரிந்திருக்கிறது.

மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். இப்போது எல்லாம் வைக்கோல் நிறம். நம் ரசனை இங்கேதான் கைவிடுகிறது. காய்ந்தது என்கிறோம், கருகியது என்கிறோம். ஆனால் காய்ந்த புல்லில் இருக்கிற நிறங்களை எண்ணிப் பாருங்கள். ஊசிப்புல் செம்பு, கொழுக்கட்டைப்புல் வெளிர்மஞ்சள், துடைப்பப் புல் வெள்ளி. நியூயார்க்கில் கைவிடப்பட்ட ஒரு மேம்பால ரயில் பாதையை 2009-ல் பூங்காவாகத் திறந்தார்கள். பீட் ஔடால்ஃப் என்ற டச்சுக்காரர் அங்கே புற்களை நட்டு, அவை காய்ந்த பிறகும் வெட்டாமல் பனிக்காலம் முழுவதும் நிற்க விடும்படி திட்டமிட்டார். வசந்தத்தின் தொடக்கத்தில்தான் அறுக்கிறார்கள். காய்ந்த கதிரும் ஒரு நிறம் என்று அந்த நகரத்து ஜனங்கள் டிக்கட் இல்லாமல் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாம் இங்கே, ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைச் சுற்றி, அங்குல உயரத்துக்கு வெட்டிய புல்தரையைத் தண்ணீர் விட்டு வளர்த்துவிட்டு, அதுதான் புல்லின் அழகு என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். வேலிக்கு வெளியே காற்றில் ஆடுவதைக் காட்டுவதில்லை. வசதி உள்ளவர்கள் வீட்டு முன்னால் கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கிப் பதிக்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே நிறமாக இருப்பது அழகு என்றால், சுவருக்குப் பச்சை வர்ணம் அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

ஆனி, ஆடி முதுவேனில். ஆடிக் காற்று கிளம்பி, மிச்சம் நின்ற தாள்களைப் படுக்கவைக்கிறது. ஓடைக்கரையில் வெட்டிவேர்த் தூரும், ஏரிக்கரையில் தருப்பையும் மட்டும் விடாப்பிடியாகப் பச்சை காட்டும். வெட்டிவேரின் வாசனை வேரில். மேலே பார்த்தால் சாதாரணப் புல். ஆனால் அந்த வேர் ஆள் ஆழத்துக்கும் கீழே போய்க் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஆவணி மழை; வட்டம் முடிந்து மறுபடி தொடங்குகிறது.

இதெல்லாம் வெறும் ரசனை சமாசாரம், இதற்கு இவ்வளவு வாதம் எதற்கு என்று கேட்கலாம். ரசனை சமாசாரம் ரசனையோடு நிற்பதில்லை என்பதுதான் என் வாதம். பச்சையாக இருந்தால்தான் நிலத்துக்கு உயிர் என்று ஒரு ஜனசமூகம் நம்பிவிட்டால், பச்சையில்லாத மாதங்களில் அந்த நிலத்துக்கு அது என்ன பெயர் வைக்கும்? தரிசு. வெள்ளைக்காரனின் ரெவின்யூ கணக்கில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு தினுசு. கணக்குப்பிள்ளையின் அகராதியிலும் பதில் ‘ஒரு வகை’தான். 2000-ல் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நிலப் படத்தொகுதியும் மேய்ச்சல் நிலங்களிலும் புதர்க்காடுகளிலும் பெரும் பகுதியை அதே தலைப்பின் கீழ்தான் சேர்த்தது. தரிசு என்று பெயர் வைத்தபின், அதை என்ன செய்தாலும் புண்ணியம். தைலமரம் நடலாம். சீமைக்கருவேலம் ஏறினால் பேசாமல் இருக்கலாம். சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டலாம். அரியலூர்ப் பக்கத்துக்குச் சிமெண்டு சோறு போடுகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை, வெறும் புல்’ என்று சொல்கிறோமே, அந்த ‘வெறும்’ என்ற சொல்லைத் தயாரித்துக் கொடுத்தவர்களில் எழுத்தாளனும் ஒருவன்.

மரத்தின் மேல் நமக்கு இருக்கிற பக்தியும் இதில் சேர்ந்துகொள்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர்க் கல்மரம் இருக்கிறது. எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்தது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தியது. அதற்கு வேலி போட்டு, பலகை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த மரம் நின்ற காலத்தில் பூமியில் எங்குமே புல்வெளி என்ற ஒன்று இல்லை. புல்வெளி பூமிக்குப் பின்னால் கிடைத்த வரம். அதன் மேல்தான் ஆடுமாடும், தானியமும், கடைசியில் நாமும் வந்து சேர்ந்தோம். கல்லாகிவிட்ட மரத்துக்கு வேலி. உயிரோடு இருக்கிற புல்லுக்குத் தரிசு என்று பட்டம்.

ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆடு மேய்க்கிறவனுக்கு இந்தப் புல் எல்லாம் தெரியும். அவன் அழகு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அழகு என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அவன் புல்லைப் பிரிப்பது ஆட்டின் வாயை வைத்து: தின்பது, தின்னாதது, வாயைக் குத்துவது. ஆனால் எந்தப் புல் எந்த மழைக்கு எந்த மேட்டில் கிளம்பும் என்று அவன் சொல்கிற துல்லியம் இருக்கிறதே, அது ரசனையின் முதல் படி. ரசிகனும் அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும். 1503-ல் ஜெர்மானிய ஓவியன் ட்யூரர், ஒரு சாண் புல்தரையைத் தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்து வரைந்தான். 500 வருஷத்துக்குப் பிறகும் தாவர சாஸ்திரிகள் அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு செடிக்கும் பேர் சொல்கிறார்கள். மேய்ப்பவனும் சொல்லியிருப்பான். அழகும் துல்லியமும் அந்தச் சாண் தரையில் ஒன்றாகத்தான் முளைத்திருக்கின்றன.

நல்ல அறிகுறி ஒன்றும் இருக்கிறது. நம் வட்டாரச் சொல்லகராதிகளைத் தொகுத்தவர்கள் நாவலாசிரியர்கள். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசலுக்குச் செய்தார். பெருமாள்முருகன் 2000-ல் கொங்குக்குச் செய்தார். கண்மணி குணசேகரன் 2007-ல் நடுநாட்டுக்குச் செய்தார். மக்கள் வாயில் இருக்கிற சொல்லைத் தொகுப்பது எழுத்தாளன் வேலை என்று இவர்கள் காட்டிவிட்டார்கள். அந்த வேலையில் புல்லுக்கு ஒரு தனி நோட்டுப் புத்தகம் போட வேண்டும். நரிவால் என்று ஒரு ஊரில் சொல்வது அடுத்த ஊரில் குதிரைவால் ஆகிவிடும். இரண்டையும், எந்த ஊர், எந்த மண், எந்த மாதம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். திருச்சி ராபினேட் தாவரக்கூடத்தில் கே. எம். மேத்யூ பாதிரியாரும் அவருடைய மாணவர்களும் சேகரித்து, 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ்நாட்டுத் தாவர நூல், பழைய திருச்சி ஜில்லாவையும் சேர்த்து அலசியிருக்கிறது. ரங்காச்சாரியார் ஒரு கைக்கு, அது இன்னொரு கைக்கு. மூன்றாவது துணை, கிராமத்துக் கிழவர்கள். இந்த மூன்றாவது துணை வருஷத்துக்கு வருஷம் குறைந்துவருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கதை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் பெயரை ஆசிரியர் சொல்லக்கூடாது. ஒருத்தி சைக்கிளை நிறுத்திவிட்டுச் சேலைக் கொசுவத்தில் ஏறிய ஊசிப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள் என்று ஒரு வாக்கியம் வரட்டும். தை பிறந்துவிட்டது, கரட்டு வழியாக வந்திருக்கிறாள், அவசரமாக வந்திருக்கிறாள் என்று மூன்று விஷயங்கள் வாசகனுக்குத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்துகொள்கிற வாசகர்கள் இந்த ஜில்லாக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறவர்கள் வரட்டும். அகராதிக்காரரும் அப்போது, ‘ஒரு வகைப் புல்’ என்பதை அடித்துவிட்டு, வேறு ஏதாவது எழுதியாக வேண்டியிருக்கும்.